வயல் நடுவே நிற்கும் 1940: பில்பாக்ஸ்களை இடித்துவிடலாமா?

ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 10, 2024

இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் நடக்கப் போகும்போதெல்லாம் வயல் ஓரத்திலும் கால்வாய் ஓரத்திலும் ஆறு மூலை கொண்ட கான்கிரீட் அறைகளைப் பார்க்கிறேன். உள்ளிருந்து சுடுவதற்குத் துளைகள் விட்ட இவற்றைப் பில்பாக்ஸ் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பீதியில் அவசரமாகக் கட்டியவை என்கிறார்கள். ஜெர்மானியப் படை வந்து இறங்கவே இல்லை. பார்க்கவும் அழகில்லை. இத்தனை ஆண்டுகளாக ஏன் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்? இடித்தால் கொஞ்சம் விளைநிலமாவது மிஞ்சுமே?

பிப்ரவரி 11

பீதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதற்கு முன் 1940 ஜூன் மாத நிலவரத்தைக் கணக்குப் பாருங்கள். பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படையின் ஆட்கள் திரும்பினார்கள், ஆயுதங்கள் திரும்பவில்லை. டாங்க் எதிர்ப்பு பீரங்கிகளில் 840 பிரான்ஸிலேயே விடப்பட்டன. நாட்டில் மிஞ்சியவை 167. எதிரே நின்றது சில வாரங்களில் பிரான்ஸைக் கடந்து கடலைத் தொட்ட டாங்க் படை.

அந்த 167-ஐ வைத்துக்கொண்டு திறந்த வெளியில் எதிர்கொள்ள முடியாது. ஆனால் நாட்டில் சிமெண்ட் இருந்தது, செங்கல் இருந்தது, கட்டத் தெரிந்த ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆறும் கால்வாயும் ரயில்பாதை மேடும் ஏற்கெனவே இருந்தன. உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றிருந்த எட்மண்ட் ஐயன்சைட், இருப்பதை வைத்து மூன்று அடுக்குத் திட்டம் போட்டார். கடற்கரையில் மெல்லிய தடுப்பு. உள்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புக் கோடுகள். அவற்றுக்குப் பின்னால், கைவசமிருந்த கொஞ்சம் நகரும் படை. ஜூன் 25 அன்று போர்க்கால அமைச்சரவை அதை ஏற்றுக்கொண்டது.

உள்நாட்டுக் கோடுகளில் பெரியது ஜி.எச்.க்யூ. கோடு (படைத் தலைமையகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). பிரிஸ்டல் பக்கத்திலிருந்து கிழக்கே வந்து, லண்டனுக்குத் தெற்கே சுற்றி, பிறகு வடக்கே திரும்பி வாஷ் விரிகுடாவைத் தாண்டிப் போனது. எதிரியை அங்கே நிறுத்திவிட முடியும் என்று எதிர்பார்த்துக் கட்டவில்லை. தாமதப்படுத்தக் கட்டினார்கள். ஒரு பாலத்தருகே அவனுக்கு அரை நாள் வீணானால், பின்னாலிருக்கும் படை அந்த அரை நாளில் வந்து சேரலாம். கையிருப்பு தெரிந்தவர்கள் போட்ட கணக்கு இது.

பிரிட்டன் முழுவதும் பில்பாக்ஸ்களும் அதுபோன்ற உறுதியான அரண்களுமாக ஏறத்தாழ 28,000 கட்டப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 6,500. ஆகவே, ஏன் இடிக்கவில்லை என்ற கேள்விக்கு முதல் பதில், பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள் என்பதுதான்.

பிப்ரவரி 11, இரவு

விளைநிலம் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன். ஒரு பில்பாக்ஸ் அடைக்கும் நிலம் மிகச் சிறியது. அதை உடைத்து, கம்பியை அறுத்து, இடிபாட்டை லாரியில் ஏற்றி அனுப்பும் செலவில் அந்தத் துண்டு நிலம் எத்தனையோ ஆண்டுகள் விளைந்தாலும் ஈடாகாது. பீரங்கிக் குண்டைத் தாங்கக் கட்டிய தடித்த வகையில் சுவரே 107 சென்டிமீட்டர் தடிமன். விவசாயிகள் சுற்றி உழுதார்கள். சிலர் தீவனமும் கருவிகளும் வைத்தார்கள். இவற்றை நினைவுச்சின்னமாகக் காக்க வேண்டும் என்று 1945-இல் யாரும் முடிவெடுக்கவில்லை. சும்மா விட்டார்கள், நின்றன.

பிப்ரவரி 14

எப்படிக் கட்டினார்கள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பழைய பாலங்களின் கான்கிரீட்டைச் சோதிப்பது என் தொழில். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

போர் அமைச்சகத்தில் எஃப்.டபிள்யூ.3 என்ற பிரிவு மாதிரி வரைபடங்களைத் தயாரித்து அனுப்பியது. இன்று நாம் சொல்லும் 22, 24, 28 என்ற எண்கள் அந்த வரைபடங்களிலிருந்து வந்தவை. 22 என்பது ஆறு பக்கமும் சமமான சிறிய அறை. அதிகம் தென்படும் 24-இல் பின்சுவர் மட்டும் நீளம், ஏறத்தாழ 4.3 மீட்டர். மற்ற ஐந்து பக்கங்களும் அதில் பாதிக்குச் சற்று மேல். வாசல் பின்சுவரில் இருக்கும். 28 மிகப் பெரியது, உள்ளே டாங்க் எதிர்ப்பு பீரங்கியே நிற்கும். 25 வட்டமானது, நெளி இரும்புத் தகட்டை வைத்து வார்த்தது.

நீங்கள் பார்த்த அறைகளில் சில வெளியே செங்கலாகத் தெரிந்திருக்கும். செங்கல் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்ட்ரிங் அடிக்கப் பலகை கிடைக்கவில்லை. ஆகவே வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே ஒரு செங்கல் சுவர் எழுப்பி, நடுவில் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றினார்கள். நம் ஊரில் பலகையைப் பிரித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோவோம். இவர்கள் செங்கலை அப்படியே விட்டுவிட்டார்கள். பலகை கிடைத்த இடங்களில் அதன் மரவரி இன்றும் சுவரில் பதிந்திருக்கிறது. ஆணித் தலைகூடத் தெரியும்.

கலவையும் இடத்துக்கு இடம் மாறும். கடலோரங்களில் கரையில் கிடந்த கூழாங்கல்லே ஜல்லியாகப் போயிருக்கிறது. உடைந்த மூலையில் உருண்டைக் கற்கள் வரிசையாகத் தெரிந்தால் எங்கிருந்து அள்ளினார்கள் என்று சுற்றிப் பார்த்தாலே புரியும்.

உள்ளே போனால் நடுவில் ஒரு சுவர் நிற்கும். 24-இல் அது ஒய் வடிவத்திலோ டி வடிவத்திலோ இருக்கும். கூரையைத் தாங்குவதற்கு மட்டும் கட்டியதல்ல. ஒரு துளை வழியாக உள்ளே வரும் குண்டு சுவரில் பட்டுத் தெறித்து எதிர்ப்பக்கம் நிற்பவனைக் கொல்லாமல் இருக்க அந்தத் தடுப்பு. இதைத் தெரிந்துகொண்டபின் அந்த அறைக்குள் நிற்பது எனக்கு முன்போல் இல்லை.

பிப்ரவரி 19

ஒருவர் வலுவாக மறுத்திருக்கிறார்: இவை மரணப்பொறிகள், ஐயன்சைட்டுக்குப் பின் வந்த ஆலன் புரூக் இவற்றைக் குப்பை என்று ஒதுக்கி இடிக்கச் சொன்னார் என்று.

பாதி சரி. 1940 ஜூலையில் புரூக் பொறுப்பேற்றதும் நீளநீளமான கோடுகள் என்ற சிந்தனைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். படை நகர வேண்டும், திருப்பி அடிக்க வேண்டும் என்பது அவர் நிலை. அதன்பின் கோடுகளை விட்டுவிட்டுச் சந்திப்பு ஊர்களையும் பாலங்களையும் சுற்றிப் பாதுகாப்பை அமைத்தார்கள். 1942 தொடக்கத்தில் புதிய பில்பாக்ஸ் கட்டுவதே நின்றது. ஆனால் கட்டி முடித்தவற்றை இடிக்கச் சொல்லவில்லை. பல இடங்களில் அவை ஹோம் கார்டு என்ற உள்ளூர்க் காவல் தொண்டர்களின் கைக்குப் போயின.

மரணப்பொறி என்பதை மறுக்க நான் அவசரப்படவில்லை. நேர் எதிரே ஒரு பீரங்கி வந்து நின்றால், துப்பாக்கிக் குண்டை மட்டும் தாங்கும் மெல்லிய வகையின் 30 சென்டிமீட்டர் சுவர் தாங்காது. உள்ளே இருப்பவர்களுக்குத் தப்ப ஒரே வாசல். அது தெரிந்தேதான் அவர்களை அங்கே நிறுத்தத் திட்டமிட்டார்கள். தாமதப்படுத்துவது என்று மேலே எழுதினேனே, அதன் விலை அந்த அறைக்குள் இருந்திருக்கும் ஏழெட்டுப் பேர். அந்த விலையைச் சொல்லாமல் திட்டத்தை மட்டும் மெச்சுவது நியாயமில்லை என்று இந்த மறுப்பைப் படித்ததும் தோன்றியது.

படையெடுப்பு வராததற்கு இந்த அறைகளைக் காரணமாக்குபவர்களோடும் நான் சேரமாட்டேன். ஜூலை 16 அன்று ஹிட்லர் படையெடுப்புக்குத் தயாராகும்படி உத்தரவிட்டார், செப்டம்பர் 17 அன்று தேதி குறிக்காமல் தள்ளிவைத்தார். நடுவில் நடந்தது வானில் நடந்த சண்டை. கால்வாய்க் கரைச் செங்கல் அறைக்கு அதில் பங்கில்லை.

மார்ச் 2

இன்று ரெடிங் பக்கத்திலுள்ள தீல் அருகே கென்னட் ஏவன் கால்வாய் ஓரம் நடந்தேன். ஜி.எச்.க்யூ. கோட்டின் நீலப் பகுதி என்று அழைக்கப்பட்டது இந்தக் கால்வாயைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. ஜான் ரென்னி கட்டிய கால்வாய், 1810-இல் முழுவதும் திறக்கப்பட்டது. நிலக்கரிப் படகு போவதற்கு வெட்டிய நீர்வழியை 130 ஆண்டுகள் கழித்து டாங்க் மறிக்கும் அகழியாக எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வெட்ட நேரமில்லாதபோது நீர் நிறைந்த அகழி ஒன்று மேற்கிலிருந்து கிழக்காகத் தயாராக இருந்தது.

பில்பாக்ஸ்கள் பெரும்பாலும் வடகரையில் நிற்கும், தெற்கே பார்க்கும். எதிரி தென்கடற்கரையில் இறங்கி வடக்கே மத்திய இங்கிலாந்தின் தொழிற்சாலைகளை நோக்கி வருவான் என்பது கணக்கு.

ஓர் அறைக்குள் நுழையப் போனால் ஆடுகள் இடம் பிடித்து வைத்திருந்தன. பக்கத்து வயலில் நின்ற விவசாயி சிரித்துக்கொண்டே வந்து துரத்திவிட்டார். என் மகள், "ஜெர்மானியரால் முடியாததை இவை முடித்துவிட்டன அப்பா" என்றாள். விவசாயிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

ஆடுகள் போனபின் உள்ளே நின்று முன்பக்கத் துளை வழியாகப் பார்த்தேன். கால்வாய் நீர், அதற்கப்பால் சமவெளிப் புல்தரை, நேர் எதிரே பாலத்துக்கு இறங்கி வரும் சாலை. பக்கத்துத் துளையில் பார்த்தால் கால்வாய் வளைவு, அந்த வளைவில் அடுத்த பில்பாக்ஸ். ஒன்றின் முன்னால் வருபவனை மற்றது பக்கவாட்டிலிருந்து சுடலாம். துளை வெளிப்புறம் விரிந்தும் உட்புறம் குறுகியும் இருக்கும் கோணம்கூட அந்த வளைவுக்காகவே வைத்ததுபோல் பொருந்தியது. வரைபடம் லண்டனிலிருந்து வந்தது. ஆனால் இந்த அறையை இந்த இடத்தில், இந்தத் திசையில் வைத்தவர் இந்தப் புல்லில் நடந்து, குனிந்து, பார்த்து வைத்திருக்கிறார்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா பில்பாக்ஸும் ஒன்றுதான். உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அழகில்லை என்று எழுதியவர் ஒருமுறை உள்ளே நின்று பார்க்க வேண்டும். சுவரைவிட அந்தத் துளை பார்க்கும் நிலம்தான் முக்கியம் என்பது என் கட்சி. அந்த நிலத்தை மறைத்துவிட்டால் எஞ்சுவது கம்பியும் சிமெண்டும் மட்டும்.

மார்ச் 3

ஹல் பக்கம் இருப்பவர், அங்கே பில்பாக்ஸ்கள் கடற்கரை மணலில் தலைகீழாகக் கிடக்கின்றன, யார் தள்ளிவிட்டது என்று கேட்கிறார். யாரும் தள்ளவில்லை. ஹோல்டர்னஸ் கரை களிமண். ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் கடல் தின்கிறது. 1940-இல் கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டியது இன்று விளிம்புக்கு வந்து கீழே விழுகிறது. எஸ்ஸெக்ஸின் நேஸ் முனையிலும் இப்படித்தான், மேட்டின் மேல் நின்றது மணலில் கிடக்கிறது. அவற்றைக் காக்க வழியில்லை. விழுவதற்கு முன் அளந்து, படமெடுத்து வைப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது.

மார்ச் 10

கான்கிரீட் கல்போல நிற்கும், அதற்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு.

புதுக் கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் படலத்தை வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் காரத்தைக் குறைக்கிறது. அது கம்பியைத் தொடும் நாளில் படலம் போய்விடும், ஈரம் பட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டைச் செதில் செதிலாக உதிர்க்கும். கடலோரமாக இருந்தால் உப்பு இதை இன்னும் விரைவாக்கும்.

அவசரத்தில் கட்டியதன் விலை இங்கேதான் தெரிகிறது. சில இடங்களில் கம்பிக்கு மேல் கவர், அதாவது அதை மூடும் கான்கிரீட், விரற்கடை அளவுகூட இல்லை. கூரையின் அடிப்பக்கத்தில் கம்பி வரிசை முழுவதும் வெளியே தெரியும். வேறு சில இடங்களில், அதே மாதத்தில் கட்டியதாக இருந்தும், தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அன்று கலவை போட்டவர்களின் கை அது. மழை நாளா, தண்ணீர் கூடிவிட்டதா, குத்திவிட ஆள் இருந்ததா என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நல்ல மனதோடு சிலர் செய்யும் ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதிர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசி, மேலே பெயின்ட் அடிக்கிறார்கள். துருவைச் சுரண்டாமல் பூசினால் உள்ளே அது வேலையைத் தொடரும். அடுத்த சில குளிர்காலங்களில் பூச்சும் விழும், அதோடு அசலான சுவரின் தோலும் கூடவே வரும். மரவரி போய்விடும். கூரையில் நீர் தேங்காமல் மண்ணையும் வேரையும் அகற்றுங்கள், வாசலில் நீர் வடிய வழி செய்யுங்கள். முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

மார்ச் 24

சர்ரேயில் ஹேங்க்லி காமன் என்ற புதர்வெளிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே ஒரு சுவர் நிற்கிறது, சுமார் 100 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், அதைவிடத் தடிமன். எதையும் காக்கக் கட்டியதல்ல. 1943-இல் கனடா நாட்டுப் படையினர் கட்டினார்கள், உடைத்துப் பழகுவதற்காக. பிரான்ஸ் கரையில் ஜெர்மானியர் கட்டிய அட்லாண்டிக் சுவரை எப்படித் தகர்ப்பது என்று நார்மண்டி கரையில் படை இறக்குவதற்கு முன் ஒத்திகை பார்த்த இடம் அது. இரண்டு பெரிய உடைப்புகள் இருக்கின்றன. முறுக்கிய கம்பிகள் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

மூன்றே ஆண்டுகளில் ஒரு நாடு, எதிரி வந்தால் மறிக்கலாம் என்று செங்கல் அறைகள் கட்டிய நிலையிலிருந்து, எதிரியின் சுவரை உடைத்துப் பழகும் நிலைக்கு வந்திருக்கிறது. கென்னட் கரையும் ஹேங்க்லி காமனும் ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

இன்னொன்றும் அங்கே கண்டேன். அந்தப் புதர்வெளி மண் அமிலத்தன்மை கொண்டது. கான்கிரீட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பால் அந்தச் சுவரிலும் அதன் அடியிலும் மட்டும் சுண்ணாம்பு விரும்பும் பாசிகளும் சிறு பெரணிகளும் வளர்கின்றன. சுற்றிலும் எங்கும் அவை இல்லை. என் மனைவி தாவரவியல் படித்தவள். போரைப் பற்றி நான் பேசியதைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் காட்டியது இது.

ஏப்ரல் 6

வௌவால் விவகாரம். பில்பாக்ஸ்களை வௌவால் உறைவிடமாக மாற்றும் திட்டங்களை ஒருவர் புகழ்ந்திருக்கிறார். துளைகளைச் செங்கல் வைத்து அடைத்து, ஒரு கீற்று மட்டும் விட்டு, வாசலுக்கு இரும்புக் கதவு போடுகிறார்கள். உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் மாறாமல் இருக்கும், குளிர்காலம் முழுக்க வௌவால்கள் தூங்கும். 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஆக, கட்டடத்துக்கும் ஒரு பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது.

துளை பார்க்கும் நிலம்தான் முக்கியம் என்று மார்ச் 2 அன்று எழுதினேன். அந்தக் கணக்கில், துளையை அடைப்பது என் கட்சிக்கு எதிர். ஆனால் ஒரு வாரமாக யோசித்தபின் இதை எதிர்க்க மனம் வரவில்லை. சிமெண்ட் குறைவான கலவையில் வைத்த செங்கலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எதிரே எழும் நான்கு மாடிக் கட்டடத்தை எடுக்க முடியாது. ஒரு கோட்டில் பத்து அறைகள் இருந்தால் சிலவற்றை வௌவால்களுக்கு விடலாம், ஒன்றிரண்டை மனிதர்கள் உள்ளே நின்று பார்க்கத் திறந்து வைக்கலாம். எவை எவை என்பதை முழுக் கோட்டையும் நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். இப்போது எந்த நில உரிமையாளர் சம்மதிக்கிறாரோ அதுதான் அடைபடுகிறது.

ஏப்ரல் 21

நிலத்தைக் காப்பது நடைமுறையில் ஆகாத பேச்சு, சட்டத்தில் அதற்கு இடமே இல்லை என்று சொல்லியிருப்பவருக்கு நெதர்லாந்தைக் காட்டுகிறேன்.

அங்கே கோட்டைகளைச் சுற்றிய நிலத்துக்கென்றே 1853-இல் ஒரு சட்டம் இருந்தது. கோட்டையைச் சுற்றி 300, 600, 1,000 மீட்டர் என்று மூன்று வட்டங்கள். முதல் வட்டத்துக்குள் மரத்தால் மட்டுமே கட்டலாம், போர் வந்தால் எரித்துவிட்டுப் பார்வையைத் திறந்துகொள்ள. இரண்டாவதில் அடித்தளமும் புகைபோக்கியும் செங்கலாக இருக்கலாம். மூன்றாவதில் கட்டலாம், தேவைப்பட்டால் இடிப்பார்கள். அந்தச் சட்டத்தால் மிஞ்சிய மரவீடுகள் இன்றும் கோட்டைகளருகே நிற்கின்றன, உட்ரெக்ட் நகரை ஒட்டிய வயல்கள்கூட அதனால் திறந்த வெளியாகத் தப்பின. நிலத்தில் நீரைப் பாய்ச்சி எதிரியை மறிக்கும் புதிய ஹாலந்து நீர்க்கோடு என்ற அந்த அமைப்பு முழுவதும் 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தனித்தனிக் கோட்டைகளாக அல்லாமல், நீரும் வயலும் மதகும் கோட்டையும் சேர்ந்த ஒரே நிலக்காட்சியாக.

அதே கோட்டில் குலம்போர்க் அருகே 599 என்ற எண்ணுள்ள பங்கர் இருக்கிறது, 1940-இல் கட்டியது. அதை வைரக் கம்பி ரம்பத்தால் நடுவே இரண்டாக அறுத்து, நடுத் துண்டை எடுத்துவிட்டு, அந்தப் பிளவு வழியாக நீர்வெளிக்கு ஒரு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். முதலில் படத்தில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அசலான ஒன்றை அறுப்பதா? நேரில் போய் அந்தப் பிளவுக்குள் நின்றபோது பக்கவாட்டில் சுவரின் தடிமன், அதற்குள் அடைந்த சின்னஞ்சிறு அறை, முன்னால் நீர். எதற்காகக் கட்டினார்கள் என்பதை ஒரு குழந்தைகூடக் கேட்காமல் புரிந்துகொள்ளும். அந்தக் கோட்டில் பங்கர்கள் ஏராளம் என்பதால் ஒன்றை அறுத்தது தாங்கும். எல்லோரும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வடிவமைத்தவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது.

மே 5

எங்கள் ஊர் விளிம்பில் ஒரு 24 வகை அறை இருக்கிறது. அதற்கு முன்னாலுள்ள வயலில் வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் பெருமையாக ஒரு வரி: பில்பாக்ஸ் பாதுகாக்கப்படும். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அறையைச் சுற்றிப் பூச்செடிகள், ஒரு பெஞ்ச், தகவல் பலகை. முன்பக்கத் துளைக்கு நேர் எதிரே மூன்று கார் நிறுத்துமிடங்கள், அதற்கப்பால் ஒரு வீட்டின் பக்கச்சுவர்.

இதைக் காப்பது என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அறை சாலை வளைவைப் பார்க்கக் கட்டப்பட்டது. இனி அதற்குள் நின்று பார்ப்பவர் கார் பம்பரைப் பார்ப்பார். தகவல் பலகை என்ன எழுதினாலும் அவர் நம்பப் போவதில்லை.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இளம் குடும்பங்கள் வாடகை கொடுத்து மாய்கின்றன. ஒரு வீட்டைக் கொஞ்சம் நகர்த்தி, கார்களை மறுபக்கம் வைத்தால் ஓர் அகலமான புல்வழி கிடைக்கும். வீடுகளின் எண்ணிக்கை குறையாது. பிள்ளைகள் ஓடி விளையாட இடமும் ஆகும். இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையிலேயே, ஒரு மரபுச் சொத்தை நாம் உணர்ந்து அறியும் சுற்றுப்புறமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்று இருக்கிறது. அரண்மனைத் தோட்டத்துக்கு அதைப் பயன்படுத்துகிறோம். பில்பாக்ஸுக்குப் பயன்படுத்த யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மே 12

டென்மார்க்கிலிருந்து எழுதியவருக்கு: ஆம், ப்ளோவான் கடற்கரையில் பங்கர்களுக்குத் தலையும் வாலும் வைத்துக் கோவேறு கழுதைகளாக்கிய சிற்பங்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன். 1995-இல், விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில், பில் உட்ரோ என்ற பிரிட்டிஷ் சிற்பி செய்தவை. கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காது, இந்த அறைகளும் இனிப் பெருகக் கூடாது என்பது அதன் கருத்து. எனக்குப் பிடித்திருக்கிறது. அவை இன்னும் கடலைப் பார்த்தபடிதான் நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் அங்கே பங்கர்களைக் கட்டியது ஆக்கிரமித்த படை. தன் ஊரைத் தான் காக்கக் கட்டிய அறையையும், தன் கரையில் அந்நியன் கட்டிய அறையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. டென்மார்க்கில் ஒருவர், அந்தக் கான்கிரீட் என் கடற்கரையை விட்டுப் போகட்டும் என்று சொன்னால் அவரிடம் வாதாட நான் யார்?

ஜூன் 9

மே 5 குறிப்பின் தொடர்ச்சி. மாவட்டத் திட்டமிடல் அலுவலகத்துக்கு எழுதினேன். பழமை, தியாகம், நினைவு என்றெல்லாம் எழுதவில்லை. டேப்பும் கோணமானியும் எடுத்துப்போய் ஒவ்வொரு துளையும் எந்தத் திசையில், எவ்வளவு அகலத்துக்குப் பார்க்கிறது என்று அளந்து, அந்தப் பார்வைகளை நிலப்படத்தில் கோடுகளாக வரைந்து அனுப்பினேன். ஐந்து துளைகளில் இரண்டு ஏற்கெனவே பழைய வீடுகளால் மறைந்துவிட்டன. ஒன்று மரங்களுக்குள். மீதி இரண்டும் சாலை வளைவையும் ஓடைப் பாலத்தையும் பார்க்கின்றன. அந்த இரண்டு மட்டும் போதும் என்று கேட்டிருந்தேன்.

அந்த அலுவலர் நேரில் வந்தார். உள்ளே குனிந்து நுழைந்து துளை வழியாகப் பார்த்தவர் உடனே, "ஓ, பாலம் தெரிகிறதே" என்றார். அதற்குப் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. நிறுவனத்திடம் திருத்திய வரைபடம் கேட்டார்கள், வந்திருக்கிறது. கார் நிறுத்துமிடங்கள் வடக்கே போயிருக்கின்றன. பாலத்தை நோக்கிய பார்வை திறந்திருக்கிறது. சாலை வளைவை நோக்கிய பார்வையில் ஒரு வீட்டின் மூலை இன்னும் இடிக்கிறது. முடிவு இனிமேல்தான்.

தங்கள் ஊர் பில்பாக்ஸுக்கும் இப்படிச் செய்ய விரும்பும் இருவருக்குச் சில வார்த்தைகள். 1995-இல் தொடங்கிய டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன் திட்டத்தில் சுமார் 600 தன்னார்வலர்கள் நாடெங்கும் நடந்து இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ராணுவ இடங்களைப் பதிவு செய்தார்கள். உங்கள் ஊர் அறை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பதிவைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் உங்கள் மாவட்டத்தின் வரலாற்றுச் சுற்றுப்புறப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளே போய் அளங்கள். டார்ச்சும் பழைய சப்பாத்தும் எடுத்துப் போங்கள், வௌவால் தொங்கினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். நில உரிமையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், தங்கள் தாத்தா சொன்ன கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கதையையும் எழுதி வையுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு: திருத்திய வரைபடத்தின் மேல் கருத்துச் சொல்ல ஜூலை 5 வரை நேரம் இருக்கிறது. வளைவுப் பக்கத்து வீட்டை மூன்று மீட்டர் கிழக்கே நகர்த்தக் கேளுங்கள். அந்த மூன்று மீட்டரை எங்கிருந்து எடுக்கலாம் என்று வரைந்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.